காஸ் தீர்ந்து போச்சாடா?

ஒரு கிண்ணம் இலை. மேலே நாலு வெள்ளரிக்காய்த் துண்டு, ஒரு கரண்டி தயிர், பேர் தெரியாத எண்ணெய் இரண்டு சொட்டு. பில் முந்நூற்று நாற்பது ரூபாய். வரி தனி!

ஆபீஸ் நண்பனுக்குப் புரமோஷன். 'இனிமே பரோட்டா பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன், எல்லாம் ஹெல்த்திதான்' என்று சபதம் செய்துவிட்டு, நுங்கம்பாக்கம் பக்கம் ஏ.ஸி. ஓட்டல் ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மெனு கார்டில் 'பர்ஸ்லேன் சாலட்' என்று இருந்தது. வந்ததைச் சாப்பிடாமல் ஒரு காம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவந்த தண்டு. எண்ணெய் தடவின மாதிரி கொழுகொழு இலை. எங்கேயோ பார்த்த முகம்!

வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்கு ஏறியதும் தெரிந்துவிட்டது. போன வருஷம் வெயிலில் செத்துப்போன துளசிச் செடியின் தொட்டியில், வாடகை கொடுக்காமல் குடியிருந்தது அதே செடி. பருப்புக்கீரை!

பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி சமயத்தில் கை சும்மா இருக்காது. மூலப்பொருள் செலவு பூஜ்யம், விற்பனை விலை முந்நூற்று நாற்பது என்று மனசுக்குள் கணக்கு எழுதிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. உடனே ஊருக்கு போன் போட்டேன். மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். அம்மா எடுத்தாள்.

"அம்மா, பருப்புக்கீரையைப் பச்சையாவே தின்னலாமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கவலையோடு கேட்டாள்: "ஏன்டா, காஸ் தீர்ந்து போச்சா?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. கீரை என்று ஒன்றைக் கண்டால் வேகவைத்துக் கடைந்துவிட்டுத்தான் நாம் மறுவேலை பார்ப்போம். பச்சையாக இலை தின்பது ஆட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அதற்காக நமக்குப் பச்சையே ஆகாது என்றும் சொல்ல முடியாது. கொத்துமல்லி, புதினா, வெற்றிலை எல்லாம் என்னவாம்? ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கொடுக்கிற கோசுமல்லி சாலட் இல்லாமல் வேறென்ன? அதில் கீரையை மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

குளிர் தேசங்களில் பனி உருகினதும் தரையில் தலைகாட்டும் முதல் பச்சைக்கு ஜனங்கள் அலைவார்கள். மாசக்கணக்கில் கிழங்கும் உப்புக்கண்டமுமாகத் தின்று நாக்கு செத்துப்போயிருக்கும்! ஜப்பானில் ஜனவரி 7-ம் தேதி ஏழு வகை இளந்தழைகளைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது இன்றும் வழக்கம். நமக்குப் பனி ஏது? நமக்கு மழைதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்த பிறகு மார்கழியிலும் தையிலும் வரப்பெல்லாம் இளம்பச்சையாக இருக்கும் பாருங்கள், அதுதான் நம் ஊர் வசந்தம். மாசி முடிந்தால் காய்ந்துவிடும்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துச் சந்தையில் ஆயாக்கள் 'கலவைக்கீரை' என்று கூறு கட்டி விற்பார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, இன்னும் நாலைந்து. ஒன்றையும் யாரும் விதைத்ததில்லை. கழனியில் களையாக முளைத்ததைக் குனிந்து கிள்ளிக்கொண்டு வந்ததுதான். பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் 'மெஸ்க்ளன்' என்று இளந்தழைக் கலவை ஒன்று உண்டு. பெரிய ஓட்டல்களில் அந்தப் பேருக்கே தனி மரியாதை. அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன தெரியுமோ? கலவை! ஆயா இங்கிலீஷில் போர்டு வைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

நிற்க. இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது வயிற்றுப்போக்கு.

தொட்டியில் இருந்த ஒற்றைச் செடி ஒரு வேளைக்குக் காணாது. எங்கள் அபார்ட்மென்ட்டின் பின்பக்கச் சுவரோரம் அதே செடி பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை நிறையப் பறித்து வந்து, உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஓட்டல்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் லீவு.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்கே பறிச்சீங்க?"

"அபார்ட்மென்ட் பின்னாடி, சார்."

"அங்கே என்ன ஓடுது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே ஓடுவது எங்கள் அபார்ட்மென்ட்டின் சாக்கடை.

அவர் அதட்டினதைவிட அமைதியாகச் சொன்னதுதான் இன்னும் பயமாக இருந்தது. பன்றி நாடாப்புழு என்று ஒன்று உண்டு. அது இருக்கும் மனிதனின் மலத்தோடு முட்டைகள் வெளியே வரும். சாக்கடைத் தண்ணீர் பட்ட கீரையில் ஒட்டிக்கொண்டு நம் வயிற்றுக்குள் போனால், அந்தப் புழுக் குஞ்சு ரத்தத்தோடு பயணம் செய்து மூளையில் போய்க் கட்டியாக உட்காரலாம். நம் தேசத்தில் வலிப்பு வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் வருவதற்கு இந்தப் பச்சை இலையும் ஒரு வழி. "உப்பு, மஞ்சள், பொட்டாஸியம் பர்மாங்கனேட் எதுக்கும் அந்த முட்டை சாகாது, தம்பி. கொதிக்க வெச்சாத்தான் சாகும். ஓடுற தண்ணியில நல்லாக் கழுவினா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றார்.

நம் பாட்டிகள் கீரையை ஏன் வேகவைத்தே தீர்த்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. ஆனால் ஓட்டலில் சாப்பிட்ட அந்த மொறுமொறுப்பையும் நாக்கு மறக்கவில்லை. ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். பச்சையாகத் தின்பதென்றால், அது எந்த மண்ணில் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாததெல்லாம் அடுப்புக்கு. சாலட்டுக்கு ஆயிரம் குறிப்பு இருக்கலாம், என் கணக்கில் முதல் வரி இதுதான்.

மாடியில் ஐந்து தொட்டி வைத்தேன். சாணத்தைப் பச்சையாகப் போடக் கூடாது, நன்றாக மக்கின எருதான். தண்ணீர், நாம் குடிக்கிற தண்ணீருக்குக் கொஞ்சமே தாழ்ந்த ரகம். பருப்புக்கீரைக்கு விதைகூட வேண்டாம். நாலு விரல் தண்டைக் கிள்ளிச் செருகினால் வேர் விட்டுவிடும். வல்லாரைக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மார்க்கெட்டில் வாங்குகிற கட்டில் வேரோடு கூடிய கொடி எப்படியும் நாலைந்து இருக்கும். இலையையெல்லாம் சமையலுக்குக் கிள்ளிவிட்டு, கொடியை நிழலும் ஈரமுமான தொட்டியில் நட்டுவிடுங்கள். புதிதாக வருகிற இலை உங்கள் மண்ணுடையது, தைரியமாகப் பச்சையாகச் சாப்பிடலாம். வல்லாரை வாய்க்கால் கரைப் பேர்வழி. அந்த வாய்க்காலின் ஜாதகம் நமக்குத் தெரியாது, அதனால்தான் இந்தப் பாடு.

புளியாரையை நட வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் தொட்டியிலும் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு காம்பில் மூன்று இலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், குட்டி மஞ்சள் பூ. நாலு இலை இருந்தால் அது ஆரைக்கீரை, வேறு ஜாதி.

மேன்ஷன் வாசிகள் பெருமூச்சு விட வேண்டாம். உங்களிடம் ஜன்னல் இருக்கிறதல்லவா? பழைய பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மூன்று விரல் உயரம் மண் நிரப்பி, மளிகைக் கடை வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைக்கும். பத்து நாளில் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். மகாராஷ்டிராக்காரர்கள் பச்சை வெந்தயக்கீரையைப் பொடியாக நறுக்கி, வெங்காயமும் வேர்க்கடலைப் பொடியும் போட்டுப் பிசறி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். சப்பாத்தியும் தொட்டியும் இருந்தால் மெஸ் லீவு விடுகிற ஞாயிறு ராத்திரி பயமில்லை!

பருப்புக்கீரையிடம் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீர் போதாத காலத்தில் இந்தச் செடி ராத்திரியில் காற்றை உள்ளே இழுத்து, ஒரு வகைப் புளிப்பாக மாற்றி இலையில் சேமித்துக்கொள்ளும். பகலில் வெயில் வந்ததும் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும். அதனால் ஆபீஸ் கிளம்பும் முன் பறித்தால் புளிக்கும், சாயங்காலம் திரும்பி வந்து பறித்தால் சாதுவாக இருக்கும். நாமும் அப்படித்தானே? காலையில் மூஞ்சி எவ்வளவு புளிப்பு, சம்பள நாள் சாயங்காலம் எவ்வளவு சாது!

இனி சமையல். சமையல் என்று சொல்வது அதிகப்படி, அடுப்பில் தாளிப்பு மட்டும்தான்.

கீரையை ஓடும் தண்ணீரில் மூன்று தரம் கழுவுங்கள். அதன் பிறகு ஈரத்தை ஒட்ட எடுப்பதுதான் முக்கியம். இலையில் தண்ணீர் இருந்தால் உப்பும் எண்ணெயும் ஒட்டாமல் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். வெளிநாட்டில் இதற்கென்று சுற்றுகிற பாத்திரம் விற்கிறார்கள். நான் துவைத்த பழைய வேஷ்டியில் மூட்டை கட்டி, மாடியில் நின்று தலைக்கு மேல் கவண் மாதிரி சுற்றுவேன். எதிர்வீட்டுப் பெரியவர் முதல் நாள் தன் பேரனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது பழகிவிட்டது.

பருப்புக்கீரைக்குத் தயிர்தான் ஜோடி. துருக்கியிலும் அப்படித்தான், தயிரும் பூண்டும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். இரண்டு கைப்பிடி கீரை, இளந்தண்டோடு ஒடித்துப் போடலாம். முக்கால் கிண்ணம் கெட்டித் தயிர், நாலு சின்ன வெங்காயம், அரைப் பல் பூண்டு நசுக்கியது. கடுகும் ஒரு வற்றல் மிளகாயும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். உப்பை மட்டும் தட்டில் போடுகிற நிமிஷத்தில் சேருங்கள். முன்னாலேயே போட்டால் கீரை தண்ணீர் விட்டுக்கொண்டு, பச்சடி மோர்க்குழம்பு ஆகிவிடும். இந்தத் தயிர் ஜோடிக்குப் பின்னால் ஒரு சங்கதியும் இருக்கிறது. பருப்புக்கீரை, புளியாரை இரண்டிலும் ஆக்ஸலேட் அதிகம். தயிரிலிருக்கும் கால்ஷியம் அதில் ஒரு பங்கைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். ஆனாலும் கிட்னியில் கல் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். என் அறை நண்பன் அந்தக் கோஷ்டி. நான் சாலட் தின்பதைப் பார்த்துக்கொண்டே அவன் பார்லி தண்ணீர் குடிப்பான்.

புளியாரையைத் தனியாகச் சாப்பிடுகிற தைரியசாலிகள் இருக்கலாம். எனக்கு அது எலுமிச்சைக்குப் பதில் ஆள். மூன்று ஸ்பூன் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய் சேர்த்து, மேலே ஒரு சிட்டிகை அளவு புளியாரை. கோசுமல்லியில் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று சாப்பிடுகிறவன் தேடிக்கொண்டே இருப்பான்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பல். இலங்கையில் சிங்களவர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் இது அன்றாடம் உண்டு. வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிடுவதில் அவர்கள் நமக்கு அண்ணன்கள். இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுருட்டு மாதிரி இறுகச் சுருட்டி, கூரான கத்தியால் நூல் நூலாக அரிய வேண்டும். மொத்தமாக அரிந்தால் கசப்பு பல்லில் நிற்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கைநிறையத் தேங்காய்ப்பூ, உப்பு. தட்டு வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம். அசைவக்காரர்கள் மாசிக்கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். கர்ப்பிணிகள் வல்லாரையைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று அதிகமாக்கக் கூடாது.

இதனால் எல்லாம் பச்சையே பரமௌஷதம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. சூட்டில் வைட்டமின் 'சி' போவது நிஜம். அதே சமயம் கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் சத்து, எண்ணெய் விட்டு வேகவைத்த கீரையிலிருந்துதான் உடம்பில் நன்றாகச் சேரும். தண்டுக்கீரையையும் அரைக்கீரையையும் நான் கடைந்துதான் சாப்பிடுகிறேன். நாள் பூரா நாற்காலியைத் தேய்க்கிற நமக்குக் காலையில் நேருகிற அந்தரங்கச் சங்கடத்துக்கு இரண்டுமே உபகாரம்.

கண் என்றதும் அம்மா ஞாபகம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "பச்சையாத் தின்னு ஆஸ்பத்திரி போனியாமே" என்று சிரித்துவிட்டு, கிணற்றடிப் பக்கம் எங்கள் சொந்தக் கழனிக்கே கூட்டிக்கொண்டு போனாள். செடிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடப்பாள், ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. "பேரை நம்பாதேடா, ஊருக்கு ஊரு பேரு மாறும். ஆளைப் பாரு" என்பாள். கேரட் தழை மாதிரி அழகாக இருக்கிறதே என்று நான் குனிந்தால், "அது பார்த்தீனியம், கை வெக்காதே, அரிக்கும்." பூக்காத இளஞ்செடி ஒன்று கீரை மாதிரியே தளதளவென்று நின்றது. "ஊமத்தை. கீரையோட கீரையா வந்துடும். தின்னா புத்தி கலங்கிடும்."

அவள் மடியிலும் என் பையிலுமாகப் பருப்புக்கீரை நிறைந்தது. திண்ணையில் உட்கார்ந்து ஆய்ந்தோம். பருப்புக்கீரைக்கு ஒரு போலி உண்டு, தரையோடு படர்கிற சின்ன அம்மான் பச்சரிசி. தண்டு அதேபோலச் சிவப்பு. ஆனால் ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். பருப்புக்கீரையை ஒடித்தால் தண்ணீர்தான். பால் வந்தால் பக்கத்தில் போகாதே என்று சின்ன வயதில் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அம்மான் பச்சரிசி மருந்துக்கு உண்டு, சாலட்டுக்கு இல்லை.

ஒரு தண்டை ஒடித்தேன். பால். இன்னொன்று. அதிலும் பால்.

இரண்டும் அம்மாவின் மடியிலிருந்து எடுத்தவை.

அம்மாவா? முப்பது வருஷமாக இருட்டு கருக்கலில் கீரை கிள்ளி வந்தவளா? நான் சொல்லாமல் தூரப் போட்டிருப்பேன். அதற்குள் அவளே கையை நீட்டி வாங்கி, மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் விரலில் ஒட்டின பாலைத் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமாவே கொஞ்சம் புகையாத்தான் தெரியுது" என்றாள். "உங்கிட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவே."

அவள் பச்சையாகத் தின்னாவிட்டால் என்ன, வேகவைத்துத் தின்றதில் இதுவரை என்னென்ன போயிருக்குமோ! அன்று ராத்திரி சாலட் செய்யவில்லை. கீரை முழுவதையும் நானே விளக்கு வெளிச்சத்தில் தண்டு தண்டாக ஒடித்துப் பார்த்து ஆய்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எடுத்துப் போடுவதை விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைந்து சாப்பிட்டோம். மாசி மாசம் சென்னைக்குக் கூட்டி வந்து இரண்டு கண்ணுக்கும் ஒரு மாச இடைவெளியில் காட்டராக்ட் ஆபரேஷன் முடித்தோம். இருபது நிமிஷ வேலை. அதற்கு இரண்டு வருஷம் மறைத்திருக்கிறாள்.

கறுப்புக் கண்ணாடி கழற்றின மறுநாள், மாடிக்கு ஏறி என் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பெருமையோடு அழைத்துப் போனேன். ஐந்து தொட்டியையும் சுற்றி வந்தாள். மூன்றாவது தொட்டியில் நின்று, பருப்புக்கீரை நடுவிலிருந்து சடக்கென்று ஒன்றைப் பிடுங்கினாள். அடுத்து இன்னொன்று. தண்டை ஒடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளை வெளேரென்று பால்.

"உன் கண்ணை எப்போடா காட்டப் போறே?" என்றாள்.

அன்றைக்குத் தயிர் போட்ட பச்சடிதான் செய்தேன். தொட்டியில் மிச்சமிருந்ததை அவளே பறித்துக் கொடுத்தாள். ஒரு வாய் போட்டு நிதானமாக மென்றாள். பிறகு கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.

"உப்பு கம்மி. இதுக்கா முந்நூத்தி நாப்பது ரூபா?"